யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அப்படி என்ன ஆய்வு நடக்கிறது?

"உலகத் தரவரிசைப் பட்டியல்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைத் தேடினால் எங்கோ அடியில் கிடக்கிறது. தமிழும் சைவமும் தவிர அங்கே உருப்படியான ஆய்வு ஏதாவது நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடந்திருக்கிறது. இப்போதும் நடக்கிறது. ஆனால் இன்ன துறையில்தான் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. டெங்கு நுளம்பு, கிணற்று நீர், பனங்கள், ஈமக்குழியில் கிடைத்த முத்திரை, ஊர்ப் பேச்சு, போரில் நொறுங்கிய மனங்கள், சூரியக் கலம் என்று பட்டியல் போனால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோல் தோன்றும். நெருங்கிப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை குடாநாட்டு மனிதர்களின் காலடியில் கிடந்த பிரச்சினைகளில் பிறந்தவை என்பது என் கருத்து. அதைத்தான் இந்தப் பதிலில் காட்டப் பார்க்கிறேன்.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத்தான் அது தொடங்கியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் இடம்தான் அதற்கு மையம். (இது யாழ் நகரை ஒட்டிய திருநெல்வேலி, தாமிரபரணிக் கரையில் உள்ள ஊரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மருத்துவபீடம் 1978இல் வந்தது. 1979 ஜனவரியில் தனிப் பல்கலைக்கழகமானது. பேராதனையோடும் கொழும்போடும் ஒப்பிட்டால் வயதிலும் அளவிலும் சிறியது. அப்புறம் 2009 வரை போர். 1987 அக்டோபரில் வளாகமே சண்டைக் களமானது. 1990இன் நடுப்பகுதியிலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பற்றரிக்கும்கூடத் தடை. 1995 அக்டோபர் 30ஆம் தேதி ஊரே இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் வெறுமையாகி, அடுத்த ஆண்டுதான் திரும்பி வந்தது. கீழே சொல்லப்போவதில் பாதி இந்த நிலைமைக்குள் செய்யப்பட்ட வேலை.

நுளம்பிலிருந்து தொடங்குகிறேன். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: கொசு.) டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் முட்டையிடும் என்றுதான் பாடப்புத்தகமும் சொல்லும், சுகாதாரப் பரிசோதகரும் சொல்வார். அதனால் சிரட்டை, டயர், பூச்சட்டி, கூரைப் பீலி என்று மழைநீர் தேங்கும் இடமாகத் தேடி அழிப்பதுதான் வழக்கம். விலங்கியல் துறைப் பேராசிரியர் சின்னத்தம்பி சுரேந்திரனும் ரஞ்சன் இராமசாமியும் சகாக்களும் யாரும் தேடாத இடத்தில் தேடினார்கள். கடற்கரையோரக் குடியிருப்புகளுக்குப் போய் வீசியெறிந்த பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்களையும், கைவிடப்பட்ட மீன்பிடிப் படகுகளின் அடியில் நின்ற தண்ணீரையும், பாவிக்காமல் விட்ட கிணறுகளையும் பார்த்தார்கள். லிட்டருக்கு 2 கிராம் முதல் 15 கிராம் வரை உப்புள்ள நீரில் ஏடிஸ் குடம்பிகள் (நுளம்புப் புழுக்கள்) உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு உவர் என்று விளங்கும். யாழ் நகரில் இந்த உவர்நீர்த் தேக்கங்களுக்குப் பக்கத்தில் டெங்கு நோயாளரும் ஒப்பீட்டளவில் கூடுதலாக இருந்தார்கள். 2011இல் இது கட்டுரையாக வெளிவந்தது.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இதன் பலன் உடனே கைக்கு வருவது. நன்னீரை மட்டும் தேடி அழித்தால், உவர்நீரில் வளர்ந்த நுளம்பு அடுத்த மழைக்குத் திரும்பி வந்து முட்டையிடும். கடல்மட்டம் உயர உயரக் கரையோரத்தில் உவர்நீர் கூடும் என்பதால், இலங்கையோடு முடிகிற விஷயமும் இல்லை. கடலோர நகரம் உள்ள எந்த வெப்ப நாட்டுக்கும் இது பொருந்தும். கேள்வி எழக் காரணம் அந்த நிலம். எந்த மூலையில் நின்றாலும் கடலோ கடனீரேரியோ கிட்ட இருக்கும் ஊரில் வாழ்கிறவருக்குத்தான் "உப்புத் தண்ணியில் வளராதா?" என்று கேட்கத் தோன்றும்.

அதே குழு மலேரியாப் பக்கமும் போனது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சில மாதங்களுக்குள், அதுவரை இலங்கையில் காணப்படாத அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் பிடிபட்டது. சென்னை மாதிரி நகரங்களில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்புவது இந்த நுளம்புதான். அது யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது என்பதைச் சுரேந்திரன் குழு பதிவுசெய்தது. வீட்டுக்கு வீடு கிணறு உள்ள ஊருக்கு இது எப்படிப்பட்ட செய்தி என்று நான் விளக்கத் தேவையில்லை.

கிணறு என்றதும் அடுத்த விஷயத்துக்கு வந்துவிட்டோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாம் நிலத்தடி நீர். நிலத்துக்குக் கீழே மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல். பொந்தும் வெடிப்புமாக இருக்கும். மழைநீர் அதற்குள் இறங்கி, கீழே உள்ள கடல் நீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கீரிமலையில் கடலை ஒட்டி நன்னீர் ஊற்று வருவதும், புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பதும் இந்த அமைப்பால்தான்.

இந்த நீரோடு இரண்டு ஆபத்துகள் ஒட்டியிருக்கின்றன. அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறும். மற்றது நைதரேற்று (நைட்ரேட்). குடாநாட்டின் செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் போடும் யூரியாவும் மாட்டெருவும் மழையோடு மழையாகக் கிணற்றுக்குள் போய்விடும். வீட்டு வளவுக்குள்ளேயே மலசலகூடக் குழியும் கிணறும் கிட்டக்கிட்ட இருந்தால் அதுவும் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைதரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடம்பு நீலம் பாரிக்கும். இரசாயனவியல் துறையைச் சேர்ந்த மகேஸ்வரனும் மகாலிங்கமும் குடாநாட்டின் கிணறுகளிலும் மண்ணிலும் நைதரேற்றை அளந்து 1983லேயே கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் தோட்டச் செய்கை உள்ள பகுதிகளில் இந்த எல்லை தாண்டப்படுவதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. புவியியலார், விவசாய பீடத்தினர், மருத்துவபீடத்துச் சமுதாய மருத்துவத் துறையினர் என்று எல்லோரும் கைவைத்த தலைப்பு இது.

சமுதாய மருத்துவம் என்றால் பேராசிரியர் சி. சிவஞானசுந்தரத்தைச் சொல்லாமல் போக முடியாது. 'நந்தி' என்ற பெயரில் எழுதிய நாவலாசிரியர் அவர்தான். நோயாளியைக் கட்டிலில் வைத்துப் பார்ப்பதோடு நிற்காமல், நோய் எந்த வீட்டிலிருந்து, எந்தப் பழக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கிற துறையை அங்கே ஊன்றியவர்களில் முக்கியமானவர். கதை எழுதிய கையும் நோய்க் கணக்கு எடுத்த கையும் ஒன்றாக இருந்ததில் எனக்கு வியப்பில்லை. இரண்டுக்கும் மனிதர்களின் வீட்டுக்குள் போய்ப் பார்க்கிற கண் வேண்டும்.

உயிர் இரசாயனவியல் துறையின் கதை வேறு வகை. பேராசிரியர் க. பாலசுப்பிரமணியம் மருத்துவபீடத்தில் அந்தத் துறையை வளர்த்தார். பின்னாளில் துணைவேந்தரான வசந்தி அரசரத்தினம் அவரோடு சேர்ந்து பல ஆண்டுகள் வேலை செய்தார். எடுத்துக்கொண்ட விஷயம் நொதியம். மாப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேசு என்ற நொதியத்தை, பசிலஸ் லைக்கெனிபோர்மிஸ் என்ற பற்றீரியாவை வளர்த்து எடுப்பது. அந்த வளர்ப்புக்கு எந்த ஊடகம் மலிவாகக் கிடைக்கும், எந்த வெப்பநிலையில் நொதியம் தாக்குப்பிடிக்கும், கிடைத்த சர்க்கரைப் பாகை என்ன செய்யலாம் என்று படிப்படியாகப் போன வேலை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இயங்கும் பன்னாட்டு விஞ்ஞானத் திட்டம் இதற்குக் கைகொடுத்தது.

ஒரு நுண்ணுயிர் வளர்ப்பைக் காப்பாற்ற என்னென்ன வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். குளிர்சாதனப் பெட்டி, அடைகாப்புப் பெட்டி, கிருமியழிக்கும் அழுத்தக் கலம், குலுக்கும் இயந்திரம். எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை. மாணவர்கள் ஜாம் போத்தலில் திரி போட்டு, கொஞ்சமாய் ஊற்றிய மண்ணெண்ணெயில் இரவு படித்த காலம் அது. அந்தக் காலத்தைத் தாண்டியும் நொதிய ஆய்வு ஒரு தொடர்ச்சியோடு வந்திருக்கிறது. நல்ல வசதியுள்ள ஆய்வுகூடத்தில் வந்த பத்துக் கட்டுரையையும் இங்கே வந்த ஒரு கட்டுரையையும் எண்ணிக்கையால் ஒப்பிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதே துறை பிற்காலத்தில் சாப்பாட்டுப் பக்கம் திரும்பியது. நீரிழிவு வீட்டுக்கு வீடு பெருகிவிட்ட சமூகத்தில் "எதைச் சாப்பிட்டால் சீனி ஏறும்?" என்பதுதான் எல்லோரும் வைத்தியரிடம் கேட்கும் கேள்வி. வெளிநாட்டு அட்டவணையில் பாணும் உருளைக்கிழங்கும் இருக்கும். எங்கள் பழமும் கறியும் இருக்காது. யாழ்ப்பாணத்துப் பழங்கள் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகின்றன, கறி சேர்த்துச் சாப்பிடும்போது அந்த ஏற்றம் எப்படி மாறுகிறது என்று 2010 வாக்கில் அளந்து எழுதினார்கள். பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் வைத்தியருக்கு நாளாந்தம் உதவுகிற தரவு.

பனையையும் சொல்ல வேண்டும். தாவரவியல் பேராசிரியர் தெய்வேந்திரராஜா பனையை முழுமையாக ஆராய்ந்தவர். பனங்கள் புளிக்கும்போது அதில் எந்தெந்த மதுவங்களும் (ஈஸ்ட்) பற்றீரியாக்களும் எந்த வரிசையில் வேலை செய்கின்றன என்று அவர் குழு பார்த்து 1987இல் வெளியிட்டது. சீவல் தொழிலாளிக்கு நாக்கால் தெரிந்த விஷயத்துக்கு நுணுக்குக்காட்டியின் அடியில் பெயர் கிடைத்தது. கள்ளைப் போத்தலில் அடைத்துக் கெடாமல் வைக்க வேண்டுமென்றால் முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

இனி நான் மிகவும் மதிக்கிற பகுதி. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் நடந்துகொண்டிருந்தபோதே வடக்கில் இருந்து சிகிச்சை செய்துகொண்டு ஆய்வும் செய்தவர். 1998இல் வந்த அவருடைய நூல், ஈழத்தமிழர் மீது போர் ஏற்படுத்திய உளப் பாதிப்பைக் களத்துக்குள்ளிருந்து எழுதியது. உலகத்தின் பல பாகங்களில் போர்க்கால உளவியல் என்றால், சண்டை முடிந்தபின் வெளியிலிருந்து வந்த நிபுணர் வினாக்கொத்தோடு செய்யும் வேலையாகத்தான் இருக்கும். இவரிடம் வந்த நோயாளியின் வீட்டில் விழுந்த ஷெல் இவருடைய வீட்டுப் பக்கத்திலும் விழுந்தது.

அவருடைய ஆய்வில் முக்கியமான கருத்து கூட்டுமனவடு. மேற்கத்திய மருத்துவம் பாதிப்பைத் தனி ஆளுக்குள் தேடுகிறது: தூக்கமில்லை, திடுக்கிடுகிறார், பழைய காட்சி திரும்ப வருகிறது என்று. சோமசுந்தரம் அதை ஏற்றுக்கொண்டார், அதோடு நிற்கவில்லை. போரும் இடம்பெயர்வும் 2004இன் சுனாமியும் அடுத்தடுத்து வந்த சமூகத்தில் குடும்பமும் ஊரும் கோயிலும் அயலும் சேர்ந்தே உடைகின்றன. ஒருவரை ஒருவர் நம்புவது போய்விடுகிறது. பேசாமலிருப்பதே பாதுகாப்பு என்று ஒரு ஊரே பழகிவிடுகிறது. அதற்கு மாத்திரை மட்டும் போதாது என்றார். செத்த வீட்டு ஒப்பாரி, எட்டு, அந்தியேட்டி போன்ற சடங்குகள் துயரத்தை இறக்கி வைக்க எப்படி உதவுகின்றன என்று பார்த்தார். அப்படியானால் காணாமல் போன மகனின் தாய் என்ன செய்வாள்? உடல் இல்லை, அந்தியேட்டி செய்தால் அவனைச் சாகக் கொடுத்ததாகிவிடும், செய்யாவிட்டால் துயரத்துக்கு முடிவில்லை. இந்த இடத்தை மருத்துவ மொழியில் எழுதிக் காட்டியது அந்தச் சின்ன மருத்துவபீடத்திலிருந்து வந்த பெரிய பங்களிப்பு என்றே சொல்வேன். அவரும் மருத்துவர் சா. சிவயோகனும் சமூகத் தொண்டர்களும் ஆசிரியர்களும் படிக்கக்கூடிய தமிழில் உளநலம் பற்றி எழுதினார்கள் என்பதும் முக்கியம்.

அதே மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர் ரஜனி திரணகம. அவரும் ராஜன் ஹூல், கோ. சிறீதரன், தயா சோமசுந்தரம் ஆகியோரும் சேர்ந்து 1987ஐ ஒட்டிய காலத்தில் மக்களுக்கு நடந்ததை எழுதினார்கள். 'முறிந்த பனை' என்று தமிழில் அறியப்படும் அந்த நூல் 1990இல் வந்தது. கணிதம் படிப்பிக்கிறவரும் உடற்கூறு படிப்பிக்கிறவரும் ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் கேட்டு, எந்தத் தரப்பு செய்தது என்று பாராமல் பதிவுசெய்தார்கள். ரஜனி அந்த நூலைப் பார்க்கவில்லை. 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆய்வு என்ற சொல்லுக்குள் இதையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஆதாரத்தைத் தேடி, சரிபார்த்து, விலை என்னவானாலும் வெளியிடுவதுதான் ஆய்வு என்றால் இதைவிட எது அந்தப் பெயருக்குத் தகும் என்று தெரியவில்லை.

கலைப்பீடத்தைப் பற்றி நீங்களே ஓரளவு அறிந்திருப்பீர்கள். வளாகத்தின் முதல் தலைவர் கைலாசபதி, 1982இல் காலமானார். வித்தியானந்தன், சிவத்தம்பி, இந்திரபாலா என்று ஒரே காலத்தில் அங்கே கூடியவர்களை நினைத்தால், முதல் பத்தாண்டில் அந்தக் கலைப்பீடம் தமிழுலகில் எங்கும் தலைநிமிர்ந்து நிற்கக்கூடியதாக இருந்தது. இரண்டு மூன்று வேலைகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று ஆனைக்கோட்டை. 1980இல் இந்திரபாலாவும் பொ. இரகுபதியும் பல்கலைக்கழகக் குழுவினரும் அங்கே பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமக்குழியை அகழ்ந்தார்கள். எலும்புக்கூட்டோடு ஒரு சின்ன முத்திரை கிடைத்தது. அதன் மேல் வரியில் குறியீடுகள். கீழ் வரியில் பிராமி எழுத்து. 'கோவேத' என்று வாசித்தார்கள். மேலே உள்ளதுபோன்ற கீறல் குறியீடுகள் தென்னிந்தியப் பெருங்கற்காலப் பானை ஓடுகளில் ஏராளம். அவையும் எழுத்தும் ஒரே முத்திரையில் மேலும் கீழுமாக நிற்பது அரிது. குறியீட்டிலிருந்து எழுத்துக்கு மாறிய காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். இரகுபதி குடாநாடு முழுவதும் நடந்து ஆதிக் குடியிருப்புகளைக் கணக்கெடுத்து 1987இல் நூலாக்கினார். பிறகு பூநகரி, மன்னார்ப் பக்கம் எல்லாம் புஷ்பரட்ணம் தொடர்ந்தார்.

இரண்டு, மொழியியலாளர் சுசீந்திரராஜா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பு, உறவுப்பெயர்கள், சாதியும் பேச்சும் என்று எழுதினார். நீ, நீர், நீங்கள் என்ற மூன்றில் எதை யார் யாரிடம் சொல்லலாம், எப்போது மூன்றையும் தவிர்த்து வினையை மட்டும் வைத்துச் சமாளிப்பார்கள் என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்; எழுதி வைக்கத்தான் ஆளில்லை. சாதி பற்றி வாய் திறந்து பேசாத சமூகத்தில், பேச்சு வழியாக அதைக் காட்டிய கட்டுரை 1978இல் வந்தது. இன்றும் யாழ்ப்பாணச் சாதி பற்றி ஆராய்கிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாக, எனக்கு உடன்பாடில்லாத ஒன்றையும் சொல்கிறேன். பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோவோடு சேர்ந்து தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு தேடினார்கள். தைப்பொங்கலையும் வட ஜப்பானில் ஜனவரி நடுவில் வரும் சிறு புத்தாண்டுச் சடங்கையும் ஒப்பிட்டார் ஓனோ. 'பொங்கலோ பொங்கல்' போலவே அங்கும் ஒரு கூவல் உண்டு என்றார். ஒப்பீட்டு மொழியியலார் பெரும்பாலும் இந்த உறவை ஏற்கவில்லை. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கட்ட முடியாது என்ற அவர்கள் வாதம் வலுவானது. ஆனாலும் அந்த வேலையால் ஜப்பானில் தமிழ் படிப்பவர்கள் உருவானார்கள், பொங்கல் சடங்கின் நுணுக்கங்கள் பதிவாயின. முடிவு நிற்காவிட்டாலும் சேகரித்தது நிற்கும்.

நாடகமும் அரங்கியலும் தனிப் பாடமாக வளர்ந்தது, அதைப் போரில் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்ய சிதம்பரநாதன் போன்றவர்கள் பயன்படுத்தியது எல்லாம் தனிக் கட்டுரைக்கு உரியவை.

பொறியியலில் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். 1988 முதல் 1994இல் இறக்கும்வரை துணைவேந்தராக இருந்த அழகையா துரைராஜா மண்பொறியியலாளர். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்டு இருவரோடும் சேர்ந்து ஈரக் களிமண் அழுத்தத்தில் எப்படி இளகுகிறது என்று 1963இல் அவர் எழுதிய கட்டுரை, இன்றும் அணை, அத்திவாரக் கணக்குகளுக்கு அடிப்படையான களிமண் மாதிரிகளின் வேர்களில் ஒன்று. அது யாழ்ப்பாணத்தில் செய்த ஆய்வு அல்ல. ஆனால் அப்படிப்பட்டவர், எங்கே வேண்டுமானாலும் போயிருக்கக்கூடியவர், மிகக் கடினமான ஆண்டுகளில் அங்கே இருந்து பரீட்சைகளையும் வகுப்புகளையும் நடத்திக்கொண்டிருந்தார். அவர் விரும்பிய பொறியியல் பீடம் 2014இல்தான் கிளிநொச்சியில் வந்தது.

இப்போதைய அறிவியலில் பௌதிகத் துறை முன்னால் நிற்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய பேராசிரியர் பு. இரவிராஜன், தைத்தேனியம் ஈரொட்சைட்டும் (டைட்டானியம் டை ஆக்சைடு) பல்பகுதியமும் (பாலிமர்) கலந்த மலிவான சூரியக் கலங்களில் வேலை செய்கிறார். நோர்வேயின் பேர்கன் நகரில் இருக்கும் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளை வழியாக அங்குள்ள பல்கலைக்கழகத்தோடு இணைப்பு உண்டு, மாணவர்கள் போய்வருகிறார்கள். வெளியே போன தமிழர் பணம் அனுப்புவது எல்லோருக்கும் தெரியும். ஆய்வுகூடத்துக்கு இப்படி வழி திறந்துவிடுவது அதைவிட நாள் நிற்கும் உதவி.

சரி, இவ்வளவு இருந்தும் தரவரிசையில் ஏன் அடியில் கிடக்கிறது? அந்தப் பட்டியல்கள் எண்ணுவது பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகளையும், அவற்றைப் பிறர் எடுத்தாண்ட தடவைகளையும். 'சிந்தனை' மாதிரி கலைப்பீடச் சஞ்சிகையில் வந்த தமிழ்க் கட்டுரைக்கு அங்கே மதிப்பெண் பூச்சியம். ஆசிரியர் தொகை குறைவு, படிப்பிக்கும் சுமை அதிகம், நல்ல மாணவர்கள் முதுமாணிக்கு வெளிநாடு போனால் பலர் திரும்புவதில்லை. இவை உண்மை.

ஆனால் எல்லாப் பழியையும் பட்டியலின் மேல் போட மாட்டேன். கலைப்பீடத்தில் அந்த முதல் தலைமுறையின் உயரத்தை அடுத்தவர்கள் தொடர்ச்சியாகப் பிடிக்கவில்லை. அறிவியல் ஆய்வுகள் ஆங்கிலத்தில் வெளிவந்து அங்கேயே நின்றுவிடுகின்றன. உரும்பிராயில் வெங்காயம் போடுகிறவருக்குத் தன் கிணற்று நீரைப் பற்றிய கட்டுரை ஒன்று இருப்பது தெரியாது. அதைவிட என்னை உறுத்துவது, ஒரே கிணற்றை இரசாயனவியலார் நைதரேற்றுக்காகவும், புவியியலார் நீர்மட்டத்துக்காகவும், விலங்கியலார் நுளம்புக்காகவும், மருத்துவர்கள் நோய்க்காகவும் தனித்தனியே பார்ப்பது. குறிப்பிட்ட சில நூறு கிணறுகளை நால்வரும் சேர்ந்து ஆண்டுதோறும் அளந்து, பொதுவில் வைத்தால், வெப்பமண்டலத்தின் சுண்ணாம்பு நிலங்களுக்கே அது முன்மாதிரியாகும். கட்டடங்கள் நடை தூரத்தில் இருக்கும் சிறிய பல்கலைக்கழகத்தில்தான் அப்படிச் செய்வது எளிது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். உவர்நீர் நுளம்புக் கட்டுரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உயிரியல் படிக்காதவருக்கும் விளங்கும். தயா சோமசுந்தரம் 2007இல் எழுதிய கூட்டுமனவடுக் கட்டுரையும் அப்படியே. தமிழில் வந்த பழைய சஞ்சிகைகளுக்கும் நூல்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்குப் போங்கள். புதிய ஆய்வுகளுக்குப் பல்கலைக்கழக நூலகமே ஓர் எண்ணிமக் களஞ்சியம் வைத்திருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் துறைப் பெயரைப் போட்டுத் தேடுவதைவிட நல்லவை அகப்படும். நான் முதலில் குடாநாட்டின் மேற்குப் பகுதியின் பெயரான 'வலிகாமம்' என்று போட்டுப் பார்க்கச் சொல்வேன்.